ஆண்டவனுக்கு வார்க்கும் பாலும் கன்றுக்கு உரிய பங்கும்

இறைவழிபாட்டில் பாலுக்கு உள்ள இடம் மிகத் தொன்மையானது. எண்ணெய், மஞ்சள், பஞ்சகவ்யம், பஞ்சாமிர்தம், தயிர், தேன், கரும்புச்சாறு, இளநீர், சந்தனம், விபூதி என அபிஷேகத் திரவியங்கள் பலவாயினும், பக்தர் உள்ளத்தில் முதலிடம் பெறுவது பாலே ஆகும். தைப்பூச நன்னாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து தேங்க் ரோடு தண்டாயுதபாணி ஆலயம் வரை 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைப் பல்லாயிரக்கணக்கானோர் பாற்குடம் ஏந்தி நடந்தே கடக்கின்றனர். ஆடி மாதம் பிறந்துவிட்டால் அம்மன் ஆலயங்கள்தோறும் பாற்குடங்கள் அணிவகுக்கின்றன. இந்து அறக்கட்டளை வாரியத்தின் நிர்வாகத்தில் உள்ள நான்கு ஆலயங்களுள் ஒன்றான, தோ பாயோ லோரோங் 8இல் எழுந்தருளியுள்ள அருள்மிகு வைரவிமட காளியம்மன் சந்நிதியிலும், அடுக்குமாடி வீடுகளிலிருந்து காலைப்பொழுதில் பாலுடன் வந்து நிற்கும் தாய்மார்களைக் காணலாம்.

அந்தப் பால் தூய்மையானதாக இருத்தல் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குளித்து, நோன்பிருந்து, குடத்தைத் துலக்கி, மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகி எடுத்து வருகின்றனர். ஆயினும் தூய்மை என்பது குடத்தோடும் உடலோடும் முடிந்துவிடுகிறதா, அல்லது பால் பிறந்த மடிவரை நீள்கிறதா என்னும் வினாவை அண்மைக் காலமாக இளையர்கள் எழுப்பி வருகின்றனர். பசுவைத் தாய் என்று போற்றும் சமயம், அத்தாயின் கன்று என்னவாயிற்று என்று கேட்க வேண்டாமா என்பதே அவர்களது கேள்வியின் சாரம். இதனை நாகரிக மோகம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இது இந்து சமயத்தின் உள்ளிருந்தே எழும் கேள்வி என்பதைச் சிந்தித்துப் பார்ப்போர் உணர்வர்.

மாட்டுக் கொட்டில்கள் இருந்த ஊர்

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு மாடு அந்நியமானதன்று. இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகத்தால் வளர்ந்த பகுதி. அருகிருந்த நீர்நிலையும் புல்வெளியும் கால்நடை வளர்ப்புக்கு ஏற்றவையாய் அமைந்தன. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயரும், பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு ஆகிய சாலைப் பெயர்களும் அக்காலத்தின் எச்சங்கள். பிலிலியோஸ் என்ற மாட்டு வணிகரின் பெயரையும் ஒரு சாலை தாங்கி நிற்கிறது. 1930களில் நகராட்சியின் சுகாதாரக் கட்டுப்பாடுகளால் அத்தொழில் அவ்விடத்தை விட்டு அகன்றது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் இந்தியப் பால்காரர்கள் கம்பங்களில் மாடு வளர்த்து, சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றினர். புக்கிட் தீமா அடிவாரத்தில் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் அமைத்திருந்த பால்பண்ணையின் பெயரை இன்றும் டெய்ரி ஃபார்ம் சாலையும் இயற்கைப் பூங்காவும் நினைவூட்டுகின்றன.

அக்காலத்துப் பால்காரர் ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லி அழைத்தார். கோயிலுக்குப் பால் கொடுப்பவர் யார், மாடு எங்கே கட்டப்பட்டுள்ளது, கன்று கொழுகொழுவென்று உள்ளதா, எலும்பும் தோலுமாக உள்ளதா என்பதைக் கம்பத்து மக்கள் அனைவரும் கண்ணால் கண்டனர். கண்ணால் காணும் இடத்தில் கொடுமை செய்யக் கை கூசும். அந்தச் சூழல் மறைந்தது. இன்று ஆண்டுதோறும் பொங்கல் விழாக் காலத்தில் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து காட்சிக்கு நிறுத்தும்போது, மாட்டை முதன்முதலாக அருகில் பார்க்கும் பிள்ளைகள் பலர் உள்ளனர். கடையில் விற்கும் பாலோ ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து அட்டைப்பெட்டியிலும் புட்டியிலும் வந்து சேர்கிறது. அதைக் கறந்த கை எது, கறக்கப்பட்ட மடி எது என்பது எவர்க்கும் தெரியாது.

பாலின் கணக்கு

பசு பால் தருகிறது என்று கூறுவது வழக்கம். உண்மையில் பசு பால் சுரப்பது தன் கன்றுக்காக. ஏறத்தாழ ஒன்பது மாதம் சினை தாங்கி, கன்று ஈன்ற பின்னரே மடி சுரக்கும். மீண்டும் பால் வேண்டுமானால் மீண்டும் கன்று ஈன வேண்டும். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்றுகள். அவை ஒருபோதும் பால் தரப்போவதில்லை. பசுவுக்கு இயற்கை அளித்துள்ள ஆயுள் இருபது ஆண்டு வரை செல்லும். ஆனால் பெருந்தொழிலாக நடைபெறும் பண்ணைகளில் மூன்று அல்லது நான்கு ஈற்றுக்குப் பின் பால் குறைந்ததும் அது அடிமாடாகிவிடுகிறது.

கறவைத் தொழிலில் புகழ்பெற்ற நியூசிலாந்தில், பிறந்த சில நாட்களிலேயே இறைச்சிக்கு அனுப்பப்படும் கன்றுகள் ஆண்டுக்குப் பதினைந்து இலட்சத்துக்கும் மேல். நான்கு நாள் வயது நிறைந்த பின்னரே கன்றுகளை வண்டியில் ஏற்றலாம் என்று அந்நாட்டில் விதி வகுக்கப்பட்டிருப்பதே நிலைமையை விளக்கப் போதுமானது. அது சட்டத்தை மீறிய செயலன்று. அத்தொழிலின் அன்றாட நடைமுறை. தாயிடமிருந்து கன்றைப் பிறந்த ஓரிரு நாட்களிலேயே பிரிப்பதும் அவ்வாறே.

இந்தியப் பால் இக்குறையிலிருந்து விடுபட்டதென்று எண்ணுவோர் உண்டு. 1970இல் தொடங்கப்பெற்ற வெண்மைப் புரட்சித் திட்டத்தால், வர்கீஸ் குரியன் போன்றோரின் உழைப்பால், இந்தியா 1998 முதல் உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக விளங்கி வருகிறது. 2023-24இல் அந்நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 23.9 கோடி டன். கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நாள்தோறும் கைக்குக் காசு தந்த திட்டம் அது. அப்பெருமையை எவரும் மறுத்தல் இயலாது.

ஆயினும் 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பு வேறொரு செய்தியையும் சொல்கிறது. இந்தியாவில் பசுக்களும் கிடாரிகளும் சேர்ந்து சுமார் 14.5 கோடி, 2012ஐ விட இது 18 விழுக்காடு கூடுதல். காளைகளும் எருதுகளுமோ ஏறத்தாழ 4.7 கோடி மட்டுமே; 2012ஐ விட 30 விழுக்காடு குறைவு. ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகவே பிறக்கின்றன என்றால் எஞ்சிய காளைக்கன்றுகள் எங்கே போயின? பசுவதைத் தடைச் சட்டம் உள்ள மாநிலங்கள் பல. ஆயினும் அக்கணக்கெடுப்பின்படித் தெருவில் திரியும் ஆதரவற்ற மாடுகள் மட்டும் 50 இலட்சம். பால் குடிக்க விடாமல் மெலியவிடப்பட்டு மாண்ட கன்றுகளும், எல்லை கடத்தி விற்கப்பட்டவையும் எக்கணக்கிலும் ஏறுவதில்லை. இறந்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துத் தோல்கன்று செய்து, அதைத் தாயின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்த முதியோர் நன்கு அறிவர்.

ஏர் போனது, எருதும் போனது

இக்கொடுமைக்கெல்லாம் விவசாயியின் கல்நெஞ்சமே காரணம் என்று கூறிவிடுதல் நீதியாகாது. முற்காலத்தில் காளைக்கன்று சுமையன்று, செல்வம். அது வளர்ந்து ஏர் உழுதது, கமலை இறைத்தது, செக்கிழுத்தது, வண்டி இழுத்தது. தன் தீவனத்தைத் தானே உழைத்து ஈட்டியது. காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி, பர்கூர் ஆகிய தமிழகத்து இனங்கள் உழைப்புக்காகவே பேணி வளர்க்கப்பட்டவை. அவற்றின் பசுக்கள் கன்று குடித்தது போக நாளொன்றுக்குச் சில லிட்டர் மட்டுமே கொடுக்கும். டிராக்டரும் பம்புசெட்டும் லாரியும் வந்தபின் எருதின் வேலை போயிற்று. சினை ஊசியின் வழியே அயல்நாட்டுக் கலப்பினம் வந்தபின் பொலிகாளையின் தேவையும் குறைந்தது. பாலுக்காக மட்டும் மாடு என்ற நிலை வந்தபோதே காளைக்கன்றின் தலையெழுத்து மாறிவிட்டது.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு பசு இருபது ஆண்டு, அதாவது 240 மாதம் வாழ்கிறது என்றும், ஐந்து முறை கன்று ஈன்று, ஈற்றுக்குப் பத்து மாதமாக 50 மாதம் பால் தருகிறது என்றும் கொள்வோர், அது ஈன்றவற்றுள் இரண்டேனும் காளையாக இருக்கும் என்று கொள்ளலாம். அவ்விரண்டும் ஆயுள் முழுதும் காப்பாற்றப்பட்டால் அவற்றுக்கு 480 மாதம். ஆக, 720 மாதத் தீவனத்தை 50 மாதப் பால் தாங்கவேண்டும். ஒரு மாதப் பாலுக்குப் பதினான்கு மாதத்துக்கும் மேற்பட்ட தீவனச் செலவு. கடையில் விற்கும் பால் ஏன் மலிவாக உள்ளது என்பதற்கு இக்கணக்கே விடை. தாயும் சேயும் வாழ வேண்டிய ஆண்டுகளைக் குறைத்தே அந்த விலை குறைக்கப்படுகிறது.

சண்டேசுரர் காட்டிய நெறி

பாலை அறவழியில் பெறுதல் எங்ஙனம் என்பதற்குச் சைவ உலகம் வெளியே சென்று விடை தேட வேண்டியதில்லை. பெரியபுராணம் போற்றும் சண்டேசுர நாயனாரின் வரலாறே அதற்கு விடை. சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர் என்னும் சிறுவர், ஆநிரை மேய்ப்பவன் பசு ஒன்றைக் கோலால் அடிப்பதைக் கண்டார். பொறுக்க இயலாமல், இனி இவற்றை மேய்க்கும் தொழில் தமக்கே உரியது என்று ஏற்றுக்கொண்டார். அவர் அன்போடு மேய்த்தமையால் பசுக்கள் முன்னினும் மிகுதியாகப் பால் சுரந்தன. உரியவர்களுக்குச் சேரவேண்டிய பாலில் ஒரு துளியும் குறையவில்லை. அவரைக் கண்ட அளவில் தாமாகவே அவை பொழிந்த பாலைத்தான் மண்ணியாற்றங்கரையில் மணலால் அமைத்த இலிங்கத் திருமேனிக்கு அவர் திருமஞ்சனம் ஆட்டினார்.

இவ்வரலாற்றைப் பக்தர்கள் பெரும்பாலும் அதன் முடிவுக்காகவே நினைவில் கொள்கின்றனர். பாற்குடத்தை இடறிய தந்தையின் காலை மகன் வெட்டியதும், இறைவன் அவருக்குச் சண்டேசுரப் பதவி தந்ததும் அனைவரும் அறிந்தவை. ஆனால் அதன் தொடக்கம் சிந்தனைக்குரியது. பாலாபிஷேகத்தின் பெருமையைச் சொல்லும் வரலாறு, மாட்டின் மேல் விழுந்த ஓர் அடியைத் தடுத்ததிலிருந்தே தொடங்குகிறது. முதலில் கருணை, பின்னர் அபிஷேகம் என்பதே அங்குள்ள வரிசை. சிவாலயந்தோறும் சண்டேசுரர் சந்நிதியில் வணங்கி விடைபெறும் அடியார்கள் இவ்வரிசையை மறத்தல் தகாது.

திருவாரூரில் தேர்க்காலில் சிக்கி இறந்த ஒரு கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் வரலாறும் அவ்வாறே. கன்றை இழந்த பசுவின் கண்ணீரை அரசு முறையிட்ட குடிமகளின் கண்ணீராகக் கொண்ட மரபு இது. இன்றைய பால்பண்ணையில் கன்றை இழந்த பசுக்களுக்கு ஆராய்ச்சி மணி இல்லை.

ஒரு விளக்குக்கு நாற்பத்தெட்டுப் பசு

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் தரும் செய்தியும் கருதத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலில் நந்தா விளக்கு எரிக்க நெய் வழங்குவதற்காக மாடுகளும் ஆடுகளும் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அந்த ஓர் உழக்குக்காக விடப்பட்டவை 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். சாவா மூவாப் பேராடு என்னும் சொல் கல்வெட்டுகளில் பயின்று வருகிறது. ஒன்று இறந்தால் அதன் வழித்தோன்றலால் எண்ணிக்கை நிரப்பப்பட்டு, மந்தை என்றும் குறையாதிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. அவ்வளவு சிறு நெய்க்கு 48 பசுக்கள் என்பதைக் காணும்போது அக்காலத்தவரின் நிதானம் புலப்படும். கன்று குடித்தது போக, இடையர் குடும்பம் உண்டது போக, எஞ்சியதில் ஒரு சிறு பங்கே கோயிலுக்கு வந்தது. இன்று நடப்பது இதற்கு நேர்மாறு. மாடுகள் சில; கறப்பது முழுவதும். கோயிலுக்குக் குறைவாகக் கொடுத்தவர்கள் சோழர்கள் என்று எவரும் கூறார். அவர்கள் கொடுத்தது மந்தையின் வாழ்வு. அதிலிருந்து பெற்றது ஒரு விளக்கின் ஒளி.

காந்தியடிகளும் ஆட்டுப்பாலும்

அண்மைக் காலச் சான்றும் உண்டு. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்தபோது, 1912இல் பாலை அறவே விலக்கினார். புலனடக்கம் ஒரு காரணம். பசுவையும் எருமையையும் வதைத்துப் பால் கறக்கும் முறைகளைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து வந்த வெளியீடுகளில் படித்தது மற்றொரு காரணம். அத்தகைய கறவை முறை 1960ஆம் ஆண்டின் இந்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகப் பெயர் சுட்டித் தடுக்கப்பட்டுள்ளது. பின்னாளில் கடும் நோயுற்றபோது, கஸ்தூரிபாவின் யோசனைப்படி ஆட்டுப்பாலை ஏற்று உயிர் பிழைத்தார். சொல்லளவில் விரதம் காக்கப்பட்டாலும் அதன் உட்பொருள் காக்கப்படவில்லை என்ற உறுத்தலைத் தம் சுயசரிதையில் அவர் மறைக்கவில்லை. பசுப் பாதுகாப்பைத் தம் வாழ்நாள் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட ஓர் இந்து, பசும்பாலை ஏற்க மறுத்தார் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

கடல் கடந்த ஆலயங்களில்

அறவழிப் பால் என்பது வெறும் கனவன்று. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள பக்திவேதாந்த மாளிகை என்னும் கிருஷ்ணர் ஆலயத்தில் பசுக்கள் வளர்க்கப்படுகின்றன. கன்றுகள் தாயோடு இருக்கின்றன. காளைகள் ஏர் உழுகின்றன, வண்டி இழுக்கின்றன. கறவை நின்ற பசுவும் முதுமை வரை பேணப்படுகிறது. அங்குப் பெறும் பால் இறைவனுக்குப் படைக்கப்படுகிறது. அதே நாட்டில் அகிம்சைப் பால் என்ற பெயரில், எந்த உயிரையும் கொல்லாமல் பெறும் பாலை விற்கும் அமைப்பும் தோன்றியது. அதன் விலை சாதாரணப் பாலைப் போலப் பன்மடங்கு. மேலே கண்ட கணக்கின்படி அது வியப்பன்று.

வேல்ஸ் நாட்டில் 1973இல் இலங்கையிற் பிறந்த துறவி ஒருவரால் தோற்றுவிக்கப்பட்ட ஸ்கந்தவேல் என்னும் முருகன் திருத்தலத்தை ஐரோப்பியத் தமிழர் பலரும் அறிவர். அங்குப் பேணப்பட்ட சம்போ என்னும் காளைக்கு 2007இல் காசநோய்க் கிருமி தாக்கம் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. சட்டப்படி அதைக் கொல்ல வேண்டும் என்றது அரசு. ஆசிரமத்தார் நீதிமன்றம் சென்று வாதாடினர். கீழ்த் தீர்ப்பு சாதகமாயினும் மேல் தீர்ப்பு பாதகமாயிற்று. 2007 ஜூலை 26ஆம் நாள் சம்போ கொல்லப்பட்டது. பொது நலம் கருதிய அரசின் நிலையிலும் நியாயம் இருந்தது. ஆயினும் பால் தராத, வருவாய் ஈட்டாத ஒரு காளையின் உயிருக்காக ஒரு முருகன் ஆலயம் நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது என்பதை மறப்பதற்கில்லை.

எழக்கூடிய மறுப்புகள்

ஆகமம் விதித்ததை மாற்ற எவருக்கு உரிமை உண்டு என்று சிலர் கேட்பர். மாற்றுமாறு இங்கே கேட்கப்படவில்லை. அபிஷேகத்தில் பால் இடம்பெற வேண்டும் என்பது விதி. அட்டைப்பெட்டிகள் மலைபோல் குவிய வேண்டும் என்பது விதியன்று. ஒரு சொம்புப் பாலும் பாலே. கண்ணப்பர் வாயில் கொணர்ந்த நீரையும் ஏற்ற இறைவன், அளவு கண்டு அருளுபவனல்லன்.

வீட்டில் காப்பி, தேநீர், தயிர், நெய் என்று அனைத்தும் உண்டுவிட்டுக் கோயிலில் மட்டும் ஆராய்வது முரண்பாடன்றோ என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உள்ளது. ஆயினும் படையலுக்கு எப்போதும் வீட்டு உணவினும் உயர்ந்த ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டே வந்துள்ளது. வீட்டில் வாடிய பூவைச் சூடுவோர் கோயிலுக்குப் புதுப் பூவே வாங்குகின்றனர். இறைவனுக்கு உரியதில் முதலில் தூய்மை வந்தால், அது காலப்போக்கில் வீட்டுக்கும் வரும்.

பாலை விலக்கினால் ஏழை விவசாயி என்ன ஆவான் என்பது மூன்றாவது. இது மிக நியாயமான கவலை. ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் மீது பழி சுமத்துதல் தகாது. மாறாக, கன்றையும் கிழட்டு மாட்டையும் காப்பவனுக்குக் கூடுதல் விலை தர எவரேனும் முன்வரல் வேண்டும். சந்தை அதைச் செய்யாது. ஆலயம் செய்யலாம்.

பாலை முற்றிலும் கைவிட்டுத் தேங்காய்ப்பாலோ சோயாப் பாலோ பயன்படுத்த வேண்டும் என்பாரும் உளர். அவர்களது கருணை மதிக்கத்தக்கதே. இளநீரும் கரும்புச்சாறும் ஏற்கெனவே அபிஷேகத் திரவியங்களாதலின், அவற்றைக் குடத்தில் ஏந்த விரும்பும் அடியாருக்கு வழி விடுவதில் குற்றமில்லை. ஆனால் பாலை அனைவரும் விலக்கினால் மாடு வாழும் என்பதும் உறுதியன்று. உழவும் போய்ப் பாலும் போனால், காங்கேயத்தையும் புலிக்குளத்தையும் வளர்ப்பார் யார்? மாட்டோடு உள்ள உறவை அறுப்பதைவிட, அவ்வுறவை நேர்மையாக்குவதே இந்து மரபுக்குப் பொருந்தும்.

ஆலயங்களால் இயலும்

பாலை அறவழியில் உற்பத்தி செய்ய இயலுமா என்ற வினாவுக்கு விடை இதுவே: இயலும், ஆனால் இன்று குடிக்கும் அளவுக்கும் இன்று கொடுக்கும் விலைக்கும் இயலாது. கன்று முதலில் குடித்து, காளை வாழ்ந்து, கறவை வற்றிய பசுவும் கொட்டிலில் படுத்திருக்க, எஞ்சும் பால் சிறிதே. ஊர் முழுவதன் காப்பிக்கு அது போதாது. ஆண்டவன் திருமுடிக்கு அது போதும். எனவே இம்மாற்றத்தை எவரேனும் முதலில் தொடங்க இயலுமாயின் அது ஆலயமே.

இதற்கு முன்மாதிரியும் சிங்கப்பூரிலேயே உண்டு. 2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில், கிருமிப்பரவல் காரணமாகக் காவடிகளும் பாத ஊர்வலமும் இல்லாமற் போயின. ஆலயமே ஆயத்தம் செய்து வைத்த பாற்குடங்களைப் பக்தர்கள் பெற்று நேர்த்திக்கடன் செலுத்தினர். பக்தி குறைந்துவிடவில்லை. பாலை ஆலயமே மொத்தமாக வாங்கி அடியாருக்கு அளித்தல் நடைமுறையில் இயலும் என்பதற்கு அது சான்று. ஆலயம் வாங்குமாயின், எங்கிருந்து, எவ்வாறு பெற்ற பால் என்று கேட்கும் வலிமையும் ஆலயத்துக்கு வரும். தனியொருவர் கடையில் கேட்கும் கேள்விக்கு விடை வாராது. ஆண்டு முழுவதும் வாங்கும் ஆலயங்கள் ஒன்றுகூடிக் கேட்டால் விடை வந்தே தீரும்.

கேட்க வேண்டியவை மூன்றே. கன்று தாயிடம் எத்தனை நாள் உள்ளது? காளைக்கன்று எங்கே செல்கிறது? கறவை நின்ற மாடு என்னவாகிறது? இம்மூன்றுக்கும் நேரிய விடை தரும் பண்ணையிடம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். மலேசியாவில் தோட்டப்புறத் தமிழர் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தவர்கள். உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்றே ஓர் இனத்தை அந்நாட்டுக் கால்நடைத் துறையினர் குறிப்பிடுகின்றனர். சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டு அத்தகையோருடன் ஆலயங்கள் உடன்பாடு காண முயலலாம்.

அளவைக் குறைத்தல் அதனினும் எளிது. ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறு குடம் என்று வரையறுத்தால் விலை கூடினும் செலவு கூடாது. தூய்மையாக ஏந்தக்கூடிய பாலைச் சாக்கடைக்கு விடாமல் பிரசாதமாக வழங்குதல் தொண்டூழியர்களால் இயலும். பாலாபிஷேகக் கட்டணத்தில் ஒரு வெள்ளியை வயதான மாடுகளைப் பேணும் கோசாலைக்கென ஒதுக்குதல் உபயதாரர்களுக்குச் சுமையாகாது. பசுதானம் என்று புத்திளம் பசுவைக் கொடுப்பதே வழக்கம். பால் வற்றிய பசுவுக்கு ஆயுள் முழுதும் தீவனம் கொடுப்பதும் பசுதானமே என்று சொற்பொழிவாளர்கள் எடுத்துரைத்தல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக இளைய தலைமுறையின் நம்பிக்கை இருக்கிறது. பள்ளியில் அறிவியல் பயின்று, உலக நடப்பை அறிந்து வளரும் பிள்ளை, கருவறையின் முன் நின்று கன்றைப் பற்றிக் கேட்கும்போது, கேட்காதே என்று அதட்டும் ஆலயம் அப்பிள்ளையை இழக்கும். ஆம், கேட்டோம், விசாரித்தோம், இயன்றதைச் செய்திருக்கிறோம் என்று சொல்லக்கூடிய ஆலயம் அப்பிள்ளையின் பிள்ளைகளையும் காணும்.

அன்னையின் திருமேனியில் வழியும் பால், இன்னொரு தாயின் கண்ணீர் கலவாத பாலாக இருத்தல் வேண்டும். அதற்கான முதல் அடியை ஆலய நிர்வாகக் குழுக்களும் உபயதாரர்களும் வரும் திருவிழாக் காலத்திலேயே எடுத்து வைப்பார்களாயின், அதுவே சண்டேசுரருக்குச் செய்யும் சிறந்த வழிபாடாகும். அன்னை காளியின் அருளால் ஆவினமும் அடியாரும் நீடு வாழ்க.